மூன்று படைக்கு ஒரே துறை: வாசகர் கேள்வி, பதில்

முப்படைகளை ஒரு துறையின் கீழ் கொண்டுவருவது பற்றியே இந்த முறை அதிகக் கடிதங்கள். அமெரிக்கா அதை எப்படிச் செய்தது, எங்கே சறுக்கியது, நம் நாடு எந்த இடத்தில் நிற்கிறது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருள் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

1947க்கு முன் அமெரிக்காவில் பாதுகாப்புத் துறையே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் இரண்டாம் உலகப் போரை எந்தத் துறை நடத்தியது?
மதுரை வாசகர்

இரண்டு துறைகள் நடத்தின. 1789ல் தொடங்கிய போர்த் துறை தரைப்படையைப் பார்த்துக்கொண்டது. 1798ல் உருவான கடற்படைத் துறை கப்பல்களையும், கப்பலில் போய்க் கரையிறங்கிப் போரிடும் மரைன் படையையும் பார்த்துக்கொண்டது. தனித்தனி அமைச்சர், தனித்தனி பட்ஜெட், காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) தனித்தனிக் குழு. (அங்கே 'செயலர்' என்று அழைக்கப்படுபவர் நம் கணக்கில் அமைச்சர். அதனால் அமைச்சர் என்றே எழுதுகிறோம்.) விமானப்படை அன்று தனிப் படை அல்ல, தரைப்படையின் ஓர் அங்கம். கடற்படைக்கு அதன் சொந்த விமானங்கள் இருந்தன. இரண்டு துறைக்கும் சேர்த்து உத்தரவு போடும் அதிகாரம் ஜனாதிபதி ஒருவருக்கு மட்டுமே.

1942ல் கூட்டுத் தளபதிகள் குழு ஒன்றை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வைத்துக்கொண்டார். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. எல்லாத் தளபதிகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒத்துவராத விஷயத்தில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பசிபிக் பெருங்கடலையே அப்படித்தான் பிரித்தார்கள். தென்மேற்குப் பகுதி தரைப்படையின் மெக்ஆர்தருக்கு, மீதி கடற்படையின் நிமிட்ஸுக்கு.

இதன் விலை 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்டே வளைகுடாவில் தெரிந்தது. ஹால்சியின் 3வது கப்பற்படை நிமிட்ஸுக்குக் கட்டுப்பட்டது. கின்கெய்டின் 7வது கப்பற்படை மெக்ஆர்தருக்குக் கட்டுப்பட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இந்த இருவருக்கும் பொதுவான மேலதிகாரி அந்தப் போர்க்களத்தில் யாரும் இல்லை. சான் பெர்னார்டினோ நீரிணையை ஹால்சி காவல் காக்கிறார் என்று கின்கெய்ட் நம்பினார். ஹால்சியோ ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் துரத்திக்கொண்டு வடக்கே போயிருந்தார். 25ஆம் தேதி காலை ஜப்பானியப் போர்க்கப்பல்கள் காவலில்லாத அந்த நீரிணை வழியே வந்து, சமர் தீவருகே நின்ற சிறு விமானந்தாங்கிகள் மீது பாய்ந்தன.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கும் இந்த இணைப்புக்கும் தொடர்பு உண்டா?
சேலம் வாசகர்

நேரடித் தொடர்பு உண்டு. ஜப்பான் தாக்கிய பேர்ல் ஹார்பர், ஹவாயில் உள்ள கடற்படைத் துறைமுகம். அங்கே கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும்போது அவற்றைக் காப்பது தரைப்படையின் பொறுப்பு. தொலைதூரத்துக்கு விமானம் அனுப்பிக் கடலை வேவு பார்ப்பது கடற்படையின் பொறுப்பு. அங்கே தரைப்படைக்குத் தளபதி ஷார்ட், கடற்படைக்குத் தளபதி கிம்மல். இருவரில் யாரும் மற்றவருக்கு மேலதிகாரி இல்லை. 'பரஸ்பர ஒத்துழைப்பு' என்ற ஏற்பாட்டை நம்பி வேலை ஓடியது.

1941 டிசம்பர் 7 காலையில் அரை மணி நேரத்துக்குள் இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தன. 6.45 வாக்கில் துறைமுக வாயிலருகே ஒரு குட்டி நீர்மூழ்கியை 'வார்ட்' என்ற கடற்படைக் கப்பல் சுட்டு மூழ்கடித்து, தன் தலைமைக்குத் தகவலும் அனுப்பியது. அது தரைப்படைக்குச் சொல்லப்படவில்லை. 7.02க்கு ஒபானா முனையில் தரைப்படையின் ரேடார், 130 மைலுக்கும் அப்பால் பெரிய விமானக் கூட்டம் ஒன்றைப் பார்த்தது. ரேடார் தகவல் மையத்தில் கடற்படையின் தொடர்பு அதிகாரி யாருமே நியமிக்கப்பட்டிருக்கவில்லை. வருவது தங்கள் நாட்டு பி-17 குண்டுவீச்சு விமானங்கள்தான் என்று அங்கிருந்த அதிகாரி நினைத்துவிட்டார். இரண்டு தகவலும் ஒரே மேசைக்கு வந்திருந்தால் அவற்றைப் பொருத்திப் பார்க்க ஒருவராவது இருந்திருப்பார். 8 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு குண்டுகள் விழத் தொடங்கின.

1946 ஜூலையில் அறிக்கை தந்த காங்கிரஸ் கூட்டு விசாரணைக் குழு, இப்படிப்பட்ட தளங்களில் கட்டளை ஒரே கையில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

1947ல் ட்ரூமன் கொண்டுவந்த சட்டத்தோடு மூன்று படைகளும் இணைந்துவிட்டன என்று பொதுஅறிவுப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. நீங்கள் 1949, 1986 என்றெல்லாம் எழுதுகிறீர்களே, எது சரி?
போட்டித் தேர்வு எழுதும் மாணவி, தஞ்சாவூர்

தேர்வில் 1947 என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்யவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1945 டிசம்பர் 19 அன்று ட்ரூமன் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் ஒரே துறை, ஒரே அமைச்சர் என்று கேட்டார். கடற்படை கடுமையாக எதிர்த்தது. தன் விமானங்களைப் புதிய விமானப்படை எடுத்துக்கொள்ளும், மரைன் படையைத் தரைப்படை விழுங்கிவிடும் என்பது அதன் பயம். அன்றைய கடற்படை அமைச்சர் ஜேம்ஸ் பாரஸ்டல், இணைப்புக்குப் பதிலாக ஒருங்கிணைப்புக் குழுக்கள் போதும் என்றார். ஓராண்டுக்கு மேல் இழுபறி. 1947 ஜனவரியில் இரு துறைகளும் ஒரு சமரசத்துக்கு வந்தன. ஜூலை 26 அன்று வாஷிங்டன் விமான நிலையத்தில், மரணப் படுக்கையில் இருந்த தாயைப் பார்க்கப் புறப்பட்ட ட்ரூமன், விமானத்தில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். சட்டம் செப்டம்பர் 18ல் நடைமுறைக்கு வந்தது.

விமானப்படை தனிப் படையானது. கூட்டுத் தளபதிகள் குழுவுக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலும் உளவு அமைப்பான சிஐஏவும் பிறந்தன. பாதுகாப்பு அமைச்சர் என்ற பதவியும் வந்தது. அந்த அமைச்சருக்குக் கீழே துறைதான் இல்லை. 'தேசிய ராணுவ அமைப்பு' என்று பொருள்படும் ஒரு பெயர் மட்டும் இருந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'எனிமி', அதாவது எதிரி என்று ஒலிக்கும். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனி அரசுத் துறைகளாகவே நீடித்தன. மூன்று அமைச்சர்களும் பாதுகாப்பு அமைச்சரைத் தாண்டி நேரே ஜனாதிபதியிடம் போக முடியும். பாதுகாப்பு அமைச்சருக்குத் துணை அமைச்சர் கிடையாது. சட்டம் கொடுத்தது சிவிலியன் சிறப்பு உதவியாளர்கள் மூன்று பேர். 'பொதுவான' மேற்பார்வை அதிகாரம் என்று எழுதியிருந்தார்கள். அந்த 'பொதுவான' என்ற ஒரு சொல், எதையும் குறிப்பாக உத்தரவிட முடியாமல் அவர் கையைக் கட்டிப்போட்டது.

அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர், பலமான அமைச்சர் வேண்டாம் என்று வாதாடிய அதே பாரஸ்டல். 1950 நிதியாண்டுக்கு மூன்று படைகளும் கேட்ட தொகையைக் கூட்டிப் பார்த்தால் 29 பில்லியன் டாலர் வந்தது. ட்ரூமன் வைத்த வரம்பு 14.4 பில்லியன். எந்தப் படையைக் குறைப்பது என்று தளபதிகள் ஒத்துப்போகவில்லை. அவர்களை ஒத்துப்போக வைக்க அமைச்சரிடம் கருவியும் இல்லை. யாருக்கு எந்த வேலை என்று தீர்க்க 1948 மார்ச்சில் கீ வெஸ்டில் தளபதிகளைக் கூட்டி நான்கு நாள் பேசினார். அது போதாமல் ஆகஸ்டில் நியூபோர்ட்டில் மறுபடியும் கூட்டினார். தான் தடுத்த அதிகாரம் தேவைதான் என்று கடைசியில் அவரே எழுதிக் கேட்டார். நேர்மையான மனிதரால்தான் அது முடியும். ஆனால் அந்தத் திருத்தம் சட்டமானபோது அவர் உயிரோடு இல்லை. 1949 மார்ச்சில் உடைந்துபோன நிலையில் பதவி விலகி, மே 22ல் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார்.

1949 ஆகஸ்ட் 10 திருத்தம்தான் 'பாதுகாப்புத் துறை' என்ற பெயரையும் உடலையும் கொடுத்தது. மூன்று படைத் துறைகளும் தனி அரசுத் துறை என்ற தகுதியை இழந்தன. அமைச்சரின் அதிகாரத்திலிருந்து 'பொதுவான' என்ற சொல் நீக்கப்பட்டது. துணை அமைச்சர் பதவியும், தளபதிகள் குழுவுக்குத் தலைவர் பதவியும் வந்தன. முதல் தலைவர் ஒமர் பிராட்லி. அவருக்கு ஓட்டுரிமை கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மூன்று படைகளின் கணக்கையும் ஒரே வடிவத்தில் வாங்கிப் பார்க்கும் நிதிக் கட்டுப்பாட்டாளர் வந்தார். அதுவரை ஒரு படையின் செலவை இன்னொரு படையின் செலவோடு ஒப்பிடவே வழியில்லை.

'அட்மிரல்களின் கலகம்' என்பது என்ன? துப்பாக்கி எடுத்தார்களா?
தூத்துக்குடி வாசகர்

இல்லை, காங்கிரஸ் குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற 65,000 டன் விமானந்தாங்கிக்கு 1949 ஏப்ரல் 18ல் அடிக்கட்டை போட்டார்கள். ஐந்தே நாளில், 23ஆம் தேதி, புதிய பாதுகாப்பு அமைச்சர் லூயிஸ் ஜான்சன் அதை ரத்து செய்தார். கடற்படை அமைச்சர் சல்லிவன் ராஜினாமா செய்தார். விமானப்படையின் பி-36 குண்டுவீச்சு விமானத்துக்கு மட்டும் பணம் போகிறது என்று அக்டோபரில் கடற்படை உயர் அதிகாரிகள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். கடற்படைத் தளபதி டென்பெல்டின் பதவி போனது. ஒரு படையின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும்போது அதன் வாதத்தை முழுக்கக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஜான்சன் அதைச் செய்யவில்லை என்பதே எங்கள் கருத்து.

மரைன் படை மட்டும் எப்படிக் கலைக்கப்படாமல் தப்பியது?
கோவை வாசகர்

சட்டத்திலேயே தன் வேலையை எழுதி வாங்கிக்கொண்டது. மற்றப் படைகளின் பணியை ஜனாதிபதி உத்தரவால் மாற்றிவிடலாம் என்ற ஆபத்து இருந்தபோது, மரைன் தளபதி வாண்டெகிரிப்ட் 1946 மே மாதம் செனட் குழு முன்னால் மன்றாடாமல் நிமிர்ந்து வாதாடினார். 1947 சட்டத்தில் அதன் பணிகள் இடம்பெற்றன. 1952ல் வந்த இன்னொரு சட்டம் குறைந்தது மூன்று டிவிஷன், மூன்று விமானப் பிரிவு இருந்தே ஆக வேண்டும் என்று எண்ணிக்கையையும் போட்டுவிட்டது. இன்றும் அது கடற்படைத் துறைக்குள் இருக்கும் தனிப் படை. 2019 டிசம்பரில் பிறந்த விண்வெளிப் படை விமானப்படைத் துறைக்குள் இருப்பதும் இதே மாதிரிதான்.

1949ல் எல்லாம் சரியாகிவிட்டதென்றால் 1986ல் கோல்ட்வாட்டர் நிக்கோல்ஸ் சட்டம் ஏன்?
ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்

1949 பணத்தைச் சரிசெய்தது. 1958ல் ஐசனோவர் கட்டளை வரிசையை மாற்றி, படைத் தளபதிகளைத் தாண்டி, பல படைகளையும் ஒரே தளபதி நடத்தும் கூட்டுக் கட்டளையகங்களுக்கு உத்தரவு போகும்படி காகிதத்தில் எழுதினார். ஆனால் ஓர் அதிகாரிக்குப் பதவி உயர்வு தருவது அவருடைய தாய்ப் படைதான். நீங்கள் சேவையில் இருந்தவர், இதன் பொருள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டுத் தலைமையகத்துக்குப் போவது தண்டனைப் பணி மாதிரி. கெட்டிக்காரர்களைப் படைகள் அங்கே அனுப்பவில்லை. அங்கே போனவரும் தன் படையின் நலனுக்கு எதிராகப் பேசத் துணியவில்லை.

1980 ஏப்ரல் 24ல் ஈரானில் பணயக்கைதிகளை மீட்கப் போன முயற்சியைப் பாருங்கள். ஹெலிகாப்டர் கடற்படையுடையது, ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன், சரக்கு விமானங்கள் விமானப்படையுடையவை, மீட்புக் குழு தரைப்படையுடையது. எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து முழு ஒத்திகை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பாலைவனத்தில் கூடும் இடத்திலிருந்து மேலே போகக் குறைந்தது ஆறு ஹெலிகாப்டர் வேண்டும் என்று கணக்கு. எட்டு கிளம்பின. ஒன்று இறக்கைக் கோளாறு எச்சரிக்கையால் வழியில் கைவிடப்பட்டது. ஒன்று புழுதிப் புயலில் திரும்பிப் போனது. வந்து சேர்ந்த ஆறில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் கோளாறு. ஐந்துதான் மிச்சம், திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சி-130 விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள்.

1983 அக்டோபரில் கிரெனடா. சின்னத் தீவு, எதிரியும் சிறியது. அதையும் வடக்கு மரைனுக்கு, தெற்கு தரைப்படைக்கு என்று பிரித்தார்கள். தரைப்படையின் ரேடியோவால் கரைக்கு அப்பால் நின்ற கடற்படைக் கப்பல்களோடு நேரே பேச முடியவில்லை. பீரங்கி உதவி கேட்க வேண்டிய கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது, ரேடியோ அலைவரிசை ஒத்துப்போகவில்லை. சரியான வரைபடமும் கைவசம் இல்லாமல் சுற்றுலா வரைபடங்களை வைத்துச் சமாளித்தார்கள்.

இதற்குள் கூட்டுத் தளபதிகள் குழுத் தலைவர் டேவிட் ஜோன்ஸ் பதவியில் இருந்தபடியே, 1982ல், இந்த அமைப்பு வேலை செய்யவில்லை என்று காங்கிரஸில் சொல்லிவிட்டார். 1986 அக்டோபர் 1ல் கையெழுத்தான சட்டம் மூன்று இடத்தில் கத்தி வைத்தது. குழுவின் ஒருமித்த கருத்துக்குப் பதிலாக, தலைவரே முதன்மை ராணுவ ஆலோசகர் ஆனார். உத்தரவு ஜனாதிபதியிடமிருந்து பாதுகாப்பு அமைச்சருக்கு, அவரிடமிருந்து நேரே களக் கட்டளையகத் தளபதிக்கு என்று வரிசை நிலைபெற்றது. படைத் தளபதிகளின் வேலை ஆள் சேர்ப்பது, பயிற்சி தருவது, கருவி வாங்கித் தருவது என்று நின்றது. மூன்றாவதாக, கூட்டுப் பணியில் இருந்திராத அதிகாரி, சில விதிவிலக்குகள் தவிர, ஜெனரல் அல்லது அட்மிரல் ஆக முடியாது. இந்த மூன்றாவது விதிதான் ஆட்களின் மனதை மாற்றியது. கூட்டுப் பணிக்குப் போக அதிகாரிகள் தாங்களே வரிசையில் நின்றார்கள்.

சட்டம் மாறினாலும் கருவி மாற நாளாகும். 1991 வளைகுடாப் போரில் எல்லா விமானங்களுக்கும் ஒரே தினசரி ஆணைத்தாள் ரியாத்தில் தயாரானது, நூற்றுக்கணக்கான பக்கம். அதைக் கணினி வழியே வாங்கும் வசதி விமானந்தாங்கிக் கப்பல்களில் இல்லை. தினமும் விமானத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கொள்முதல், கிடங்கு போன்ற அன்றாட வேலையில் இணைப்பு எப்படி நடக்கிறது?
சென்னை வாசகர், ஆவடி

பொருளுக்கு எண் கொடுப்பதில் தொடங்குகிறது. ஒரே அளவு போல்ட்டுக்குத் தரைப்படையில் ஓர் எண், கடற்படையில் ஓர் எண் என்றிருந்தால், ஒரு கிடங்கில் குவிந்து கிடக்கும்போதே இன்னொரு கிடங்குக்காகப் புதிதாக வாங்குவார்கள். 1952ல் பொதுப் பட்டியல் போட அமெரிக்காவில் சட்டம் வந்தது. இன்று 13 இலக்க எண்: முதல் நான்கு பொருளின் வகுப்பு, அடுத்த இரண்டு எண் கொடுத்த நாடு, மீதி ஏழு அந்தப் பொருளுக்கே உரியது. எண் ஒன்றான பிறகே 1961ல் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா பொதுப் பொருள்களை வாங்க ஒரே வழங்கல் முகமை அமைக்க முடிந்தது. முதலில் முகமை, பிறகு எண் என்று தலைகீழாகப் போனால் நாலாவது கிடங்கு ஒன்று கூடுதலாக முளைக்கும், அவ்வளவே.

எதற்கு இத்தனை சுற்று? ஒரே படை, ஒரே சீருடை என்று ஆக்கிவிட்டால் என்ன?
திருச்சி வாசகர்

கனடா அதைச் செய்து பார்த்தது. பாதுகாப்பு அமைச்சர் பால் ஹெல்யர் 1964ல் மூன்று தளபதி பதவிகளையும் எடுத்துவிட்டு ஒரே தலைமைத் தளபதியை வைத்தார். 1968 பிப்ரவரி 1ல் மூன்று படைகளும் சட்டப்படி மறைந்து ஒரே 'கனடியப் படைகள்' ஆனது. எல்லோருக்கும் ஒரே பச்சைச் சீருடை, தரைப்படைப் பாணியில் பதவிப் பெயர்கள். எதிர்த்த அட்மிரல் லாண்டிமோர் 1966லேயே நீக்கப்பட்டிருந்தார்.

நிர்வாகம், சம்பளம், மருத்துவம், வழங்கல் ஆகியவற்றில் மிச்சம் கிடைத்தது. ஆனால் கப்பலில் இருப்பவன் தன்னைக் கடற்படைக்காரன் என்றுதான் நினைப்பான். அந்த நினைப்பில்தான் நடுக்கடலில் வேலை ஓடுகிறது. பதவிப் பெயர்கள் கடற்படைக்குத் திரும்பின. 1980களில் தனிச் சீருடைகள் வந்தன. 2011 ஆகஸ்டில் ராயல் கனடியக் கடற்படை, ராயல் கனடிய விமானப்படை என்ற பழைய பெயர்களும் திரும்பின. ஒரே தலைமைத் தளபதி, பொது வழங்கல் ஆகியவை மட்டும் நிலைத்தன.

'போர்த் துறை' என்ற பழைய பெயர் அமெரிக்காவில் திரும்பிவிட்டதா?
ஈரோடு வாசகர்

2025 செப்டம்பர் 5ல் டிரம்ப் போட்ட உத்தரவு அதை இரண்டாம் பெயராகப் பயன்படுத்த அனுமதித்தது. 1949 சட்டம் வைத்த பெயரை மாற்ற காங்கிரஸ் சட்டம் வேண்டும். பழைய போர்த் துறையில் கடற்படை இருந்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் முப்படைத் தலைமைத் தளபதி வந்துவிட்டார். இனி என்ன பாக்கி?
குன்னூர் வாசகர்

நம்மிடம் 1947 முதலே ஒரே பாதுகாப்பு அமைச்சகம் இருக்கிறது. அமெரிக்கா பட்ட முதல் பாடு நமக்கு இல்லை. நம் சிக்கல் கட்டளையகங்களில். தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3, ஆக 17. 'தெற்குக் கட்டளையகம்' என்ற ஒரே பெயரைப் பாருங்கள்: தரைப்படைக்குப் புனேயில், கடற்படைக்குக் கொச்சியில், விமானப்படைக்குத் திருவனந்தபுரத்தில். மூன்று ஊர், மூன்று எல்லைக்கோடு.

கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு குறைகளை எடுத்துச் சொன்னது. 2001ல் அந்தமான் நிக்கோபாரில் முதல் முப்படைக் கட்டளையகம் வந்தது. 2020 ஜனவரி 1ல் பிபின் ராவத் முதல் தலைமைத் தளபதி ஆனார். 2021 டிசம்பர் 8ல் சூலூரிலிருந்து வெலிங்டன் முப்படைக் கல்லூரிக்குப் போகும் வழியில், உங்கள் ஊர் பக்கத்தில்தான், ஹெலிகாப்டர் விபத்தில் அவரை இழந்தோம். இந்தப் பதவிக்குப் படைகள் மீது நேரடிக் கட்டளை அதிகாரம் கிடையாது. ஆலோசனை, கொள்முதல் முன்னுரிமை, கூட்டுப் பயிற்சி, ராணுவ விவகாரத் துறையின் செயலர் பொறுப்பு ஆகியவை உண்டு.

அடுத்த படி, புவிப் பகுதிவாரியாக ஒரே தளபதியின் கீழ் முப்படைகளும் என்ற திட்டம். விமானப்படையின் தயக்கம் நியாயமானது. அனுமதிக்கப்பட்ட 42 ஸ்குவாட்ரன்களை (போர் விமான அணிகள்) விட மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, இருப்பதை மேற்குக்கும் வடக்குக்கும் நிரந்தரமாகப் பங்குபோட்டால், ஒரு முனையில் போர் வரும்போது மறுமுனையில் அவை சும்மா நிற்கும். ஒரே இரவில் முனை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதை முதலில் எழுத்தில் தீர்க்க வேண்டும்.

ஒரு காரியம் சரியான வரிசையில் நடந்திருக்கிறது. முன்பு கூட்டு அமைப்பில் ஒரு விமானப்படை வீரர் தவறு செய்தால், தரைப்படைத் தளபதி தண்டிக்க முடியாது. அவரைத் தாய்ப் பிரிவுக்கு அனுப்பி, அங்கே விசாரிக்க வேண்டும். தரைப்படைச் சட்டமும் விமானப்படைச் சட்டமும் 1950ஐச் சேர்ந்தவை, கடற்படைச் சட்டம் 1957. மூன்றும் தனித்தனி. அந்தச் சட்டங்களை மாற்றாமலேயே, கூட்டு அமைப்பின் தளபதிக்கு மூவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் தரும் சட்டம் 2023ல் நிறைவேறி, 2024 மே 10ல் நடைமுறைக்கு வந்தது. இன்னும் பாக்கி, வேலூர் வாசகருக்குச் சொன்ன அதே இடம்தான்: கூட்டுப் பணியில் இருக்கும் அதிகாரியின் வேலையை மதிப்பிடும் வருடாந்திர ரகசிய அறிக்கையில் கடைசிக் கையெழுத்து யாருடையது, அவர் திரும்பிப் போகும்போது தாய்ப் படையின் பதவி உயர்வு வாரியம் அதற்கு எவ்வளவு எடை தரும்.